பனி பெய்யாத குளிர்காலத்தின் பில்கள்

ரேசெக்னேயில் அந்தக் குளிர்காலம்
பாதி மழையாகவே போனது.
ஆனாலும் பனி வாரிய பில்கள் வந்திருந்தன:
ஆயிரத்து நூற்று எண்பத்து நான்கு வரிசை,
யூரோவும் சென்ட்டுமாய்.
கோப்பை அனுப்பிய வில்னிஸ்
கீழே ஒரு வரி போட்டிருந்தார்:
நாற்றம் ஒன்றும் இல்லை. எதற்கும் மோந்து பார்.

எக்செல்லில் புதுப் பத்தி திறந்தேன்.
ஒவ்வொரு தொகையின் இடக்கோடியிலிருந்தும்
ஓர் எண்ணைக் கிள்ளி எடுக்கும் சூத்திரம்.
முதல் கட்டத்தில் எழுதி
மூலையைப் பிடித்து இழுத்தால்
அடிவரை தானே ஓடும்.

தானாய் வளரும் தொகைகளில்
ஒன்று முன்னால் நிற்பது பத்துக்கு மூன்று முறை.
இரண்டு அதற்குக் கீழே, மூன்று இன்னும் கீழே,
ஒன்பது வாசலோடு சரி.
பழைய மடக்கை அட்டவணைகளில்
முன்பக்கங்களே விரல் பட்டுக் கறுத்திருந்தனவாம்.
நூறு இருநூறாக வேண்டுமென்றால்
இன்னொரு நூறு சேர வேண்டும்.
தொள்ளாயிரம் ஆயிரமாக
லேசாய் ஓர் உந்தல் போதும்.
ஒன்றில் நெடுநாள் குடியிருந்து
ஒன்பதில் ஓர் இரவு தங்கிப் போகின்றன எண்கள்.

பொய்க் கணக்கு எழுதுகிறவர்களுக்கு
இது தெரிவதில்லை.
அவர்களுக்கு ஐந்தும் ஆறும் ஏழும் பிடிக்கும்,
நடுவில் நின்றால் யார் பார்க்கப் போகிறார்கள்?
போன வருடம் ஒரு பள்ளிக்கூடத்து உருளைக்கிழங்கில்
நான்கு மட்டும் கொம்பாய் முளைத்திருந்தது:
ஐந்தாயிரம் தாண்டினால் இரண்டாம் கையெழுத்து வேண்டும்.

இதில் கொம்பில்லை.
நீலப் பட்டைகளும் சிவப்புக் கோடும்
அளவெடுத்துத் தைத்த சட்டையும் உடம்பும்.
ஒன்று, முந்நூற்று ஐம்பத்தாறு.
இருக்க வேண்டியது முந்நூற்று ஐம்பத்தாறு.
ஒன்பது, ஐம்பத்து நான்கு. இருக்க வேண்டியதும் அதே.
கை-வர்க்கச் சோதனை ஓட்டினேன்.
பதினைந்தைத் தாண்டினால்தான் பயம் என்பது பாடம்.
வந்த விடை
பூச்சியத்துக்கு அடுத்த வீடு.

காபி ஆறிவிட்டது.

மெய்யான கணக்கு கொஞ்சம் நொண்டும்.
லாரி பழுதாகி ஒரு வாரம் நிற்கும்,
யாரோ டீசலை இருமுறை எழுதுவார்,
ஒரே பாதைக்கு ஒரே எழுபத்து நான்கு யூரோ
முப்பது நாள் வந்து
ஏழாம் பட்டையை வீங்க வைக்கும்.
இது நொண்டவில்லை.
இது அணிவகுப்பு.

சரி, வால் எப்படி என்று பார்த்தேன்.
வலக்கோடியில் சென்ட்டுகள், இரண்டிரண்டாய்.
இரு பூச்சியம், பதினொன்று, இருபத்திரண்டு...
இந்த இரட்டையர் பத்துக்கு ஒன்று பிறப்பார்கள்.
நூற்றுப் பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில்
முப்பத்தொன்று.
மனதிலிருந்து எண் எடுக்கிறவர்
இரட்டையைக் கண்டால் கூசுவார்.
பொய் போலத் தெரியுமே என்று
முப்பத்து மூன்றை அழித்துவிட்டு
நாற்பத்தேழு என்று எழுதுவார்.

தலையை வாரிவிட்டவர் வாலை மறந்திருக்கிறார்.

இந்த மாவட்டத்தில் இதெல்லாம் தெரிந்தவர்கள் யார்?
நான். வில்னிஸ்.
அப்புறம்,
ஏப்ரலில் நகராட்சி மாடியில் நான் நடத்திய
அரைநாள் பயிற்சியின் வருகைப் பதிவேடு.
பதினாறு பெயர்.
கடைசி எண்களைப் பற்றிச் சொல்ல
அன்று நேரம் போதவில்லை,
காளான் சூப் வந்துவிட்டது.

ஏழாவது பெயர் ட்ஸின்ட்ரா வெவெரே,
சாலைப் பராமரிப்புக் கணக்கர்.
முன்வரிசை, சிவப்புச் சட்டம் போட்ட கண்ணாடி.
ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்:
மிகச் சரியாகப் பொருந்திவிட்டால்?
அப்படியெல்லாம் நடக்காது என்று சிரித்தேன்.
எல்லோரும் சிரித்தார்கள்.

கருத்துப் படிவத்தைத் தேடி எடுத்தேன்.
மிகவும் பயன்பட்டது, பச்சை மையில்.
பத்துக்கு ஒன்பது.

அந்த ஒரு மதிப்பெண்ணை
எதற்குக் குறைத்தார் என்று
இத்தனை நாள்
நான் யோசித்ததில்லை.